வாப்பா பார்த்துவிட்டுத்தான் போனார்

என் மகனுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் உண்டாகட்டும். நீ ஒரு மணித்தியால பஸ் தூரத்தில்தான் இருக்கிறாய், கையில் போனும் இருக்கிறது, பிறகு எதற்கு உம்மா கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிடுவேன். பல வருடமாக அப்படித்தான் செய்து வருகிறேன். அதனால் கொப்பித் தாளைக் கிழித்து எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. கொண்டு வருகிறவர் வாசித்தாலும் சரி, வாசித்த பிறகு நீ சங்கத்துப் பலகையில் குத்தி வைத்தாலும் சரி.

போன ஞாயிற்றுக்கிழமை பாலமுனையில் மீனவர் சங்க மண்டபத்தில் நீ கதைத்ததை நான் பெண்கள் பக்கத்தில் இருந்து கேட்டேன். வெளியே மணலில் நீ செய்த ஆறு தோணிகளும் நின்றன. ஒவ்வொன்றிலும் சுருட்டிக் கட்டிய பாய், பின்பக்கத்தில் அந்தச் சின்ன மின்சார மோட்டர். காற்று இருக்கும் மட்டும் பாயில் போங்கள், காற்று மாறினால் மோட்டரைப் போட்டுக் கரைக்கு வாருங்கள், மண்ணெண்ணெய் தேவையில்லை, சத்தமும் இல்லை என்று நீ விளக்கியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இவன் என் மகன் என்று முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகுதான் நீ அதைச் சொன்னாய்.

"பெட்டரியில எவ்வளவு இரிக்கி எண்டு பாக்காமக் கடலுக்கு இறங்கிறவன், பக்கத்தில இரிக்கிறவனையும் சேத்துத்தான் கொல்றான். இதை நான் புத்தகத்தில படிக்கல்ல. என்ட வாப்பா பாக்காமப் போனவர். அவரோட போன என்ட மாமா உயிரோட வரல்ல."

முன் வரிசையில் மாமி இருந்தா. உன் வாப்பாவின் கூடப் பிறந்த ராத்தா, அந்த மாமாவின் மனைவி. அவ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம், "தம்பிட மகன்தான், எண்டாலும் உள்ளதச் சொல்றான்" என்றா. மூன்று வரிசை பின்னால் இருந்த எனக்கும் அது கேட்டது. நான் எழுந்து நின்று கதைத்திருக்க வேண்டும். எழும்பவில்லை. நீ வந்து, "எப்பிடி உம்மா, நல்லாக் கதைச்சனா?" என்று கேட்டபோது, "நல்லாக் கதைச்ச மகன்" என்றேன்.

நீ பொய் சொல்லவில்லை. வாப்பாவின் வாயாலேயே கேட்டதைத்தான் சொன்னாய். ஆனால் நடந்தது அது அல்ல. வாப்பா அன்று பெட்டரியைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். நான்தான் பொய் சொன்னேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். கடல் வந்த நாளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சாய்ந்தமருதில் எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு, கிணறு, வேலியோரத் தென்னைகள் எல்லாம் போயின. உன் தங்கச்சியும் போனாள். ஆறு வயது. அவள் கை என் கைக்குள் இருந்தது, பிறகு இருக்கவில்லை. நீ அன்று சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் நின்றதால் தப்பினாய். அதற்குப் பிறகு உன்னைக் கடற்கரைப் பக்கம் வைத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. படிப்பைச் சொல்லி அங்கேயே விட்டோம். நாங்கள் இருவரும் இரண்டு வருடத்துக்கு மேல் தகரக் கொட்டிலில் இருந்தோம். நீ வெள்ளிக்கிழமைகளில் வருவாய், பின்னேரம் போய்விடுவாய். அந்தக் கொட்டிலுக்குள் நடந்த பல விசயங்கள் உனக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

வாப்பாவுக்கு நிவாரணத்தில் ஒரு சின்னப் பைபர் தோணி கிடைத்தது. எஞ்சின் கிடைக்கவில்லை. எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் அந்த நாளில் நேவி வைத்திருந்த கெடுபிடி உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் பேசாமல் ஒரு கம்பைச் சீவிப் பாய்மரம் வைத்தார். பாலமுனையில் தன் தோணியையும் வலையையும் சுனாமிக்குக் கொடுத்திருந்த மாமா, கூட்டுக்கு வந்து சேர்ந்தார். காலையில் பாயை விரித்துக்கொண்டு போவார்கள், தூண்டில் போட்டுவிட்டுக் கடற்காற்றோடு திரும்பி வருவார்கள். கச்சான் காலத்தில்தான் கஷ்டம். கச்சான் தரையில் இருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. போகும்போது தானே தூக்கிக்கொண்டு போகும், வரும்போது முகத்தில் அறையும். கச்சான் இறங்கி அடிக்கிற நாட்களில் பாய்த்தோணிக்காரர் எல்லாரும் கரையில் குந்தி இருப்பார்கள்.

அப்போதுதான் அந்த மோட்டர் வந்தது. படகு திருத்திக் கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று, தன் நாட்டில் ஏரியில் பாய்ப்படகு ஓட்டுகிறவனாம், தன் சொந்த மோட்டரைக் கொண்டு வந்திருந்தான். போகும்போது அதை வாப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு நீளத் தடி, அடியில் சின்ன விசிறி, மேலே ஒரு பிடி. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதென்ன மச்சான், மோர் கடையிற மத்தா?" என்று கேட்டார். கடலில் போட்டுப் பார்த்தபோது அது சத்தமே இல்லாமல் தோணியைத் தள்ளிக்கொண்டு போனது. அன்றைக்கு மாமா அதற்கு ஊமையன் என்று பேர் வைத்தார். கச்சானை எதிர்த்தும் கரைக்கு வரலாம் என்று ஆனதும் மற்றவர்கள் குந்தி இருந்த நாட்களிலும் இவர்கள் இரண்டு பேரும் போகத் தொடங்கினார்கள்.

ஊமையனுக்குத் தீனி அந்தப் பெட்டரிதான். சுனாமியில் உடைந்த லொறி ஒன்றில் கழற்றியது. நாங்கள் இருந்த கொட்டிலுக்குக் கரண்ட் இல்லை. சைக்கிள் கரியரில் கட்டிக் கல்முனைக்குக் கொண்டுபோய், சார்ஜ் போடுகிற கடையில் ஒரு நாள் வைத்து எடுத்து வருவார். கடற்கரையில் வைக்க முடியாது, உப்புக்காற்று, களவு. கொட்டிலுக்குள் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் பலகை போட்டுச் சாக்கால் மூடி வைத்திருந்தார். ஒரு நாள் இருட்டுகிற நேரம், மஃரிபுக்கு, நான் அதில் ஒரு சின்ன பல்ப்பைக் கொழுவி எரித்தேன். வாப்பா வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். அவர் கத்துகிற மனிதர் இல்லை என்பது உனக்குத் தெரியும். "இது எங்க ரெண்டு பேர்ட உசிரு கா. இதில கை வெச்சா மறுகா நான் கடலுக்கே போக மாட்டன்" என்றார். கொட்டில் வரிசை முழுக்கக் கேட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை நினைத்து நினைத்து ஒரு வாரம் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை.

பக்கத்துக் கொட்டிலில் ஒரு பெண் இருந்தா, சுனாமியில் புருசனையும் இரண்டு பிள்ளைகளையும் கொடுத்தவ. அவட கூடப் பிறந்த நாநா எங்கிருந்தோ ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டீவி கொண்டு வந்து கொடுத்திருந்தார். பெட்டரி இல்லை. அந்த வருடம் கச்சான் கடுமை. மோட்டர் இருந்தும் இவர்கள் நாலைந்து நாளாகக் கடலுக்குப் போகவில்லை. பகலில் வாப்பா கடற்கரையில் வலை பொத்திக்கொண்டு இருப்பார். அவ வந்து கேட்டா. "ராத்தா, ஒரு அரை மணித்தியாலம். பின்னேரம் அஸருக்குப் பிறகு ஒரு நாடகம் போகுது, பாத்திட்டுத் தந்திடுறன்." முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவட முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

அரை மணித்தியாலம் இரண்டு மணித்தியாலமாகிப் போனது. மூன்று நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் அந்த நாடகத்தில் ஒரு தடித்த மனிதன் மாப்பிள்ளை உடுப்போடு வழுக்கிச் சேற்றில் விழுந்தான். கொட்டிலுக்குள் ஏழெட்டுப் பெண்கள் இருந்தோம், ஒவ்வொருத்தியும் யாரையாவது மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் மகன், வயிறு நோகச் சிரித்தேன். தங்கச்சி போன பிறகு அதுதான் முதல் தரம். என் சத்தம் எனக்கே ஆருடையதோ மாதிரிக் கேட்டது. இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், உன் படிப்புக்கு விளக்கெரித்தேன், நோயாளிக்குக் கொடுத்தேன் என்று ஏதாவது நல்ல காரணம் சொல்லித் தப்ப எனக்கு வழி இல்லை. நாடகம் பார்க்கத்தான் எடுத்தேன்.

போன தரம் சார்ஜ் போட்டு வந்ததை எங்கள் வரிசைப் பொடியன் ஒருவன்தான் கொண்டுவந்து என்னிடம் தந்தான், அடுத்த நாள் காலையில் அவனிடமே கொடுத்துத் திரும்பவும் சார்ஜுக்கு அனுப்பிவிட நினைத்தேன். ஹர்த்தால் வந்தது. திரும்பவும் சண்டை தொடங்கியிருந்த காலம், அடிக்கடி ஊர் பூட்டிக் கிடக்கும். இரண்டு நாள் கல்முனையில் ஒரு கடையும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடியக் கச்சான் தணிந்திருந்தது. மாமா இரவே பாலமுனையில் இருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். சுபஹு தொழுதுவிட்டு வந்த வாப்பா, மோட்டரைப் பெட்டரியில் பூட்டி, அதன் தலையில் இருக்கிற பொத்தானை அமத்திப் பார்த்தார். அதில் நாலு சின்ன வெளிச்சம் இருந்தது. மூன்று பத்தியது. இன்னொரு தரம் அமத்தினார். அப்போதும் மூன்றுதான்.

"ஒண்டு பத்தல்லியே. கடைக்காரன் முழுசாப் போட்டவனா?"

நான் தேத்தண்ணி வார்த்துக்கொண்டு இருந்தேன். "ஓம்" என்றேன்.

"ஹர்த்தாலுக்கு முன்னம் எடுத்ததுக்குப் பிறகு ஆரும் தொடல்லியே?"

"ஆர் தொடுற?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சந்தேகப்படவில்லை. "பழைய பெட்டரி, அப்பிடித்தான் காட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வயரைக் கழற்றினார். மாமா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "தங்கச்சி, பாரை மீன் கொண்டாறம், புளி கரைச்சு வைங்க" என்று சொல்லிப் பெட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை அது.

ஓய்ந்து கிடக்கிற பெட்டரி பொத்தானை அமத்தும்போது நல்லாயிருக்கிற மாதிரிக் காட்டும், வேலை கொடுத்தால்தான் அதன் உண்மை தெரியும் என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய். அன்று எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மூன்று வெளிச்சம் பத்தினதால் எனக்கும், காணும், இன்றைக்கு ஒரு நாளைக்குத் தாங்கும் என்று ஒரு ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதல் நண்பகல் ளுஹருக்குப் பிறகு தென்னை ஓலைகள் கடல் பக்கம் சாயத் தொடங்கும் வரைக்கும்தான்.

கடலில் நடந்ததை வாப்பா ஒரே ஒரு தரம்தான் எனக்குச் சொன்னார். திரும்புகிற நேரம் கச்சான் எழும்பியிருக்கிறது. மோட்டரைப் போட்டிருக்கிறார்கள். கால் மணித்தியாலம் தள்ளியிருக்கிறது, பிறகு இழுத்து இழுத்து, நின்றுவிட்டது. துடுப்புப் போட்டார்கள். உள்ளங்கைத் தோல் உரியும் வரைக்கும் போட்டும் கரை தள்ளித் தள்ளிப் போனது. நங்கூரக் கயிறு அடி தொடவில்லை. தெற்குப் பக்கம் நீர் வேறு இழுத்திருக்கிறது. அஸர் நேரம், கரை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறபோது, மாமா சேர்ட்டைக் கழற்றி, வெறும் எண்ணெய்க் கேன் ஒன்றை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். வாப்பா அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். "விடு மச்சான், இருட்ட முன்னம் ஒரு போட் கொண்டாறன்" என்றாராம். வாப்பா விட்டார்.

அடுத்த நாள் உச்சி நேரத்தில் ரோந்து போன நேவிப் படகு ஒன்று வாப்பாவைக் கண்டு ஏற்றியது. தண்ணீர் கொடுத்து உசிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் தோணிக்குள் ஒரு பெரிய பெட்டரி, வயர், சத்தம் போடாத ஒரு மெஷின். அந்தக் காலத்தில் அதைப் பார்க்கிற எவரும் கேள்வி கேட்பார்கள், அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பள்ளிவாசல் தலைவரும் சங்கத்து ஆட்களும் போய்ப் பேசி அவரைக் கூட்டி வர மூன்று வாரம் பிடித்தது. மாமாவின் ஜனாஸா மூன்றாம் நாள் தெற்கே ஒரு கரையில் கிடைத்தது. மச்சானின் கபுறுக்கு மண் போடக்கூட வாப்பாவால் முடியவில்லை.

அவர் வந்த பிறகும் நான் சொல்லவில்லை. சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் மெலிந்து, முகம் கறுத்து, கையில் துணி சுற்றிக்கொண்டு குடத்துக்குப் பக்கத்தில் வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு நாள் பக்கத்துக் கொட்டில் பெண் சுகம் விசாரிக்க வந்தா. பாவம், அவவுக்கு ஒன்றும் தெரியாது. போகிறபோது, "ராத்தா, உங்கட பெட்டரி போனதோட எங்கட டீவியும் போயிட்டுது. அந்த மூணு நாள் எப்பிடிச் சிரிச்ச நாம" என்று சொல்லிவிட்டுப் போனா. வாப்பா தலையை நிமிர்த்தினார். நான் அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டு இருந்தேன். அவர் எழும்பி வெளியே போய், மஃரிப் பாங்கு சொல்லும் மட்டும் வேலியோரம் நின்றார்.

அடுத்த கிழமை மாமியைப் பார்க்கப் போனோம். மாமி இத்தாவில் இருந்தா, புருசன் போன பிறகு அந்நிய ஆண்களுக்கு முன்னால் வராமல் வீட்டுக்குள் இருக்கிற காலம். தம்பி என்பதால் வாப்பா உள்ளே போகலாம். நானும் கூடவே போனேன். மாமி அழவில்லை. வாப்பாவின் கைகளைப் பிடித்துப் பார்த்தா, தோல் புதிதாக வளர்ந்திருந்ததை விரலால் தடவினா. பிறகு கேட்டா.

"தம்பி, ஒரு விசயம் மட்டும் எனக்குத் தெரியணும். நீ அந்தப் பெட்டரியப் பாத்துத்தானே போன?"

வாப்பா அவட முகத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல ராத்தா. அவசரத்தில பாக்கல்ல. என்ட பிழைதான்."

மாமி கையை எடுத்துவிட்டா. "எழும்பிப் போ. இனி இந்த வாசலுக்கு வராத" என்றா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நாங்கள் எழும்பி வந்தோம்.

பஸ் பாலமுனையைத் தாண்டி வயல்வெளிக்கு வந்தது. பிறகு நான், "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் சன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு, "நீ ஒரு புள்ளையக் கடலுக்குக் குடுத்தவள். இன்னொரு ஆளையும் உன்ட கணக்கில போட்டா நீ தாங்க மாட்டாய்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பிடியும் மச்சான்ட கைய விட்டவன் நான்தானே" என்றார்.

நான் அந்த இடத்தில் அழுதேன். அழுதுவிட்டு, அவர் தந்ததை வாங்கிக்கொண்டேன். மகன், உனக்கு நான் ஒத்துக்கொள்ள வேண்டிய பிழை இதுதான். அன்று காலையில் வாயில் வந்த பொய்க்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு எத்தனையோ தரம் அழுதிருக்கிறேன். பயத்தில் சொன்னது, வெட்கத்தில் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நல்ல புத்தியோடு, யோசித்து, நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் பிறகு கடலுக்குப் போகவில்லை. அரிசி ஆலையில் மூட்டை சுமந்தார். கடற்கரையில் ஆட்கள் அவரைக் கண்டால் கதையை நிறுத்துவார்கள். நான் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீயும் ஒரு நாள் சொன்னாய். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த நேரம். எதற்கோ வாப்பா உன்னை, கவனமில்லை என்று ஏசினார். நீ கொப்பியை எறிந்துவிட்டு, "கவனத்தப் பத்தி நீங்க கதைக்காதீங்க. நீங்க கவனமாப் பாத்திருந்தா மாமா இருந்திருப்பார்" என்றாய். நான் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். வாப்பா, "ஓம் மகன், அது சரிதான்" என்று சொல்லி உன் கொப்பியைப் பொறுக்கி மேசையில் வைத்தார். நான் துருவிக்கொண்டே இருந்தேன். சிரட்டை தேய்ந்து துருவலில் கறுப்பு விழுந்தது.

சண்டை முடிந்த அடுத்த வருடம் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது நான் கேட்டேன், "உங்கட ராத்தாட்டப் போய் உள்ளதச் சொல்லட்டா?" என்று. அவர், "வேணாம். அந்தக் கோவத்தப் பிடிச்சித்தான் அவ எழும்பி நிக்கிறா. அதையும் பறிக்காத" என்றார். அவர் மௌத்தானபோது மாமி வந்தா, தெரியும்தானே. வீட்டுக்குள் வரவில்லை. வெளியே கதிரையில் இருந்துவிட்டு, ஜனாஸா எடுத்ததும் போய்விட்டா. அவர் வேண்டாம் என்றதை நான் ஒரு சட்டம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்ததால் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ மேடையில் நின்று அவரைக் கொலைகாரன் மாதிரிச் சொன்னபோது அது முடிந்தது. நேற்று முன்தினம் தனியாகப் பஸ் ஏறிப் பாலமுனைக்குப் போனேன். மாமி அரிசி புடைத்துக்கொண்டு இருந்தா. இருங்க என்று சொல்ல முன்னமே சொல்லிவிட்டேன். டீவியில் இருந்து பஸ் வரைக்கும் ஒன்றும் விடாமல். அவ சுளகைக் கீழே வைத்தா. பிறகு வேலிக் கதவைக் காட்டினா.

"ஒவ்வொரு பெருநாளைக்கும் தொழுதிட்டு வந்து அதில நிப்பான். ஒரு ஸலாம் சொல்லுவான். நான் சன்னலச் சாத்துவன். கொஞ்சம் நிண்டிட்டுப் போவான். கடைசிப் பெருநாளைக்கு வேலியப் பிடிச்சிட்டு நிண்டான், மூச்சு வாங்கினது தெரிஞ்சது. அண்டைக்கும் சாத்தினன்."

எனக்கு இது தெரியாது மகன். பெருநாள் காலையில் அவர் தொழுதுவிட்டுப் பிந்தி வருவார். சிநேகிதர் வீடுகளுக்குப் போகிறார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"மதினி..." என்று தொடங்கினேன். "நீ போ" என்றா. "இப்ப உன்ட முகத்தப் பாக்க ஏலாது. போ." வாசலைத் தாண்டுகிறபோது பின்னால் இருந்து குரல் வந்தது. "அவன்ட மகனுக்குச் சொல்லிட்டியா?" இல்லை என்றேன். "அவனுக்குச் சொல்லு. நான் சொல்ல மாட்டன். நீதான் சொல்லணும்" என்றா.

சொல்லிவிட்டேன். இனி நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாது. கோபம் வந்தால் கோபப்படு, அது உனக்கு உரிமையானது. ஆனால் வாப்பாவிடம் அன்று கொப்பி எறிந்ததை நினைத்து உன்னை நீயே தின்னாதே. உனக்குத் தெரிய வேண்டியதை நான் மறைத்தேன். அந்தப் பாவத்தை என்னிடமே விட்டுவிடு.

இன்னும் ஒன்று. இது உன் வேலைக்கான விசயம், அதனால் கொஞ்சம் கவனமாக வாசி. நீ ஆறு ஆண்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவருக்கும் பொத்தானையும் வெளிச்சத்தையும் காட்டினாய். அந்தப் பெட்டரிகள் எங்கே படுக்கப் போகின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறு வீட்டுக்குள்தான் படுக்கப் போகின்றன. இப்போது எல்லா வீட்டிலும் கரண்ட் இருக்கிறது என்று சொல்வாய். கரண்ட் போகிற நாளில் பிள்ளை வேர்த்து அழும், வெளிநாட்டில் இருக்கிற மகன் கோல் எடுக்கிற நேரம் போன் செத்துக் கிடக்கும், அப்போது ஒரு உம்மா சுற்றிப் பார்ப்பாள். அவளுக்கு அது என்ன என்று சொல். மண்டபத்தில் பெண்கள் பக்கத்துக்கு வந்து, அவர்கள் கையில் கொடுத்து, மோட்டரைத் தண்ணீரில் ஓடவிட்டுப் பார்க்கப் பழக்கு. துடுப்பு இரண்டு சோடி வை. கச்சான் தொடங்கினால் பெட்டரி எவ்வளவு இருந்தாலும் தூரம் போக விடாதே. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ஆண்களுக்கு ஒன்று சொல். எடுத்ததற்குக் கத்தினால் அடுத்த தரம் எடுத்ததை அவள் சொல்ல மாட்டாள். வாப்பா என்னிடம் ஒரே ஒரு தரம்தான் கத்தினார், அவர் கத்தினது சரியும்தான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. எடுத்தேன் என்று ஒருத்தி சொன்னால், சரி, இன்றைக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டுத் தோணியைக் கரையில் போட்டு வைக்கிற புருசனாக இருக்கச் சொல். வேண்டுமானால் நானே வந்து சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் எனக்கு ஒரு ஐந்து நிமிடம் கொடு.

இந்த இடம் வரைக்கும் எழுதி வைத்துவிட்டு, விடிந்ததும் உன் சிநேகிதன் கையில் கொடுத்து விடலாம் என்று இருந்தேன். இப்போது காலை ஒன்பது மணி. சுபஹுக்குப் பிறகு ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாமி. தனியாக வந்திருக்கா, ஒரு பையில் இரண்டு உடுப்பு. வாப்பா மௌத்தான நாளில் தாண்டாத வாசலை இன்றைக்குத் தாண்டி உள்ளே வந்துவிட்டா. என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி வைத்தேன், தொடவில்லை. வாப்பாவின் படம் ஒன்றும் இந்த வீட்டில் இல்லை, அதனால் அவருடைய தொப்பியும் தஸ்பீஹும் இருக்கிற அலுமாரியைத் திறந்து அதற்கு முன்னால் கதிரை போட்டு இருக்கிறா. ஒரே ஒரு தரம் சுவரைப் பார்த்துக் கதைத்தா, "அவன்ட மகன் வரட்டும், அது வரைக்கும் நான் போகல்ல" என்று.

சோறு ஆக்கப் போகிறேன். சாப்பிடுவாவோ தெரியாது. இரண்டு கிழவிகள் ஒரு வீட்டுக்குள் கதைக்காமல் இருக்கிறோம் மகன். வேலையை வைத்துவிட்டுக் கெதியாக வா.

உன்னைப் பெற்றவள்,
உம்மா